செங்டு நகரைச் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி: கண்ணில் படும், ஆனால் புரியாத சங்கதிகள்

செங்டுவில் டிசம்பர் மாதம் காலை ஏழரை மணிக்கும் சரியாக விடிந்திருக்காது. சீனா முழுமைக்கும் ஒரே நேரம், பெய்ஜிங் நேரம்தான். நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவோ பெய்ஜிங்குக்கு வெகு தூரம் மேற்கே இருக்கிறது. அதனால் அங்கே சூரியன் உச்சிக்கு வரவே மதியம் ஒரு மணி ஆகிவிடும். ஊர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், கடிகாரம்தான் முந்திக்கொண்டு ஓடுகிறது.

இப்படி முதலில் விழிக்க வைத்து, காரணம் தெரிந்ததும் "அட, இவ்வளவுதானா" என்று தோன்ற வைக்கிற விஷயங்கள் அந்த ஊரில் நிறைய. பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஒரே விளக்கம் போதும். நாம் வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ செய்வதையெல்லாம் அவர்கள் பூங்காவிலும் தெருவிலும் செய்கிறார்கள். அங்கே நீங்கள் பார்ப்பது பயணிகளுக்காகப் போட்ட காட்சி இல்லை, அவர்களின் அன்றாடம். எதைப் பார்த்தாலும் ஐந்து நிமிடம் ஓரமாக நின்று கவனியுங்கள், பிறகு கேமராவை எடுங்கள். கீழே உள்ள வரிசையில் போனால் இரண்டு நாளில் நிதானமாக முடித்துவிடலாம்.

படி 1: கிளம்பும் முன்

சூடாகச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கும் தள்ளுவண்டியிலும் கியூஆர் அட்டை தொங்கும். கோயில் உண்டியல் மேலேயும் அதே அட்டைதான். பணம் கட்ட உதவும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் ஊரிலேயே போனில் ஏற்றி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவைத்த விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைத்துவிடுங்கள். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. ஆனால் நூறு யுவான் நோட்டை நீட்டினால் சில்லறைக்குக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓடுவார். சின்ன நோட்டுகள் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

கூகுள் மேப், வாட்ஸப், யூடியூப் எதுவும் அங்கே வாங்கும் சிம்மில் ஓடாது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் ஓடும். வழி பார்க்க அங்குள்ளவர்கள் பயன்படுத்தும் காவ்டே வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பெரிய இடங்களுக்கு டிக்கெட்டே பாஸ்போர்ட் எண்ணில்தான். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்திலும் பையை எந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் காவலர் அதைக் காட்டி ஏதோ சொல்வார். பிடுங்கப் போவதில்லை, ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்கிறார். குடித்தால் விட்டுவிடுவார்.

கழிப்பறை பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பொதுக் கழிப்பறைகள் நிறைய உண்டு, இலவசம், பெரும்பாலும் சுத்தமாகவும் இருக்கும். உட்காரும் முறை நமக்குப் பழகியதுதான். ஆனால் உள்ளே குழாய் இருக்காது, பல இடங்களில் டிஷ்யூவும் இருக்காது. ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ பொட்டலமும் எப்போதும் பையில் இருக்கட்டும். தாளைப் பக்கத்தில் இருக்கும் கூடையில் போடச் சொல்லிப் படம் ஒட்டியிருந்தால் அப்படியே செய்யுங்கள்.

படி 2: காலையில் மக்கள் பூங்காவுக்குப் போங்கள்

மெட்ரோ 2ஆம் தடத்தில் ரென்மின் பூங்கா நிலையம். ரென்மின் என்றால் மக்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1911ல் திறந்த பூங்கா. அதே ஆண்டு சிச்சுவான் மக்கள் பங்கு போட்டுத் தொடங்கிய ரயில் பாதையை அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு தன்வசம் எடுத்துக்கொள்ள, பெரும் கலவரம் வெடித்தது. அதை அடக்கப் படைகள் இந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் வூச்சாங்கில் புரட்சி தொடங்கி, முடியாட்சியே கவிழ்ந்தது. பூங்கா நடுவில் நிற்கும் உயரமான தூண் அந்தப் போராட்டத்தில் இறந்தவர்களுக்காக 1913ல் எழுப்பியது. பயணிகள் பலர் அதன் பக்கம் திரும்புவதேயில்லை.

உள்ளே நுழைந்ததும் வேட்டு போட்டது போல ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரியவர் ஒருவர் பானை அளவுப் பம்பரத்தைச் சாட்டையால் விளாசிச் சுற்ற வைத்துக்கொண்டிருப்பார். வேடிக்கை பார்க்கலாம், ஆனால் சாட்டை வீசும் பக்கம் நிற்காதீர்கள். இன்னொருவர் பின்பக்கமாக நடப்பார். வேறொருவர் முதுகை மரத்தில் மோதிக்கொள்வார். இதெல்லாம் உடற்பயிற்சி. யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை, அவர்களும் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நீளக் கம்பில் பஞ்சுத் தூரிகை கட்டித் தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் எழுதுபவர்களைக் கண்டால் அங்கே கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். எழுதுவது பெரும்பாலும் பழைய கவிதை வரிகள். மூன்றாவது வரி எழுதும்போதே முதல் வரி காய்ந்து மறைந்துகொண்டிருக்கும். எழுத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், ஈரம் காயும் முன் அதன் மேல் கால் வைக்காதீர்கள். சிலர் தூரிகையை உங்கள் கையில் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள், கூட்டம் கூடிவிடும்.

செங்டுவில் ஆண்டின் பெரும்பகுதி மேகமூட்டம்தான். சிச்சுவான் நாய்கள் சூரியனைப் பார்த்தால் குரைக்கும் என்று பழமொழியே உண்டு. அதனால் வெயில் அடிக்கிற அன்று ஊரே பூங்காவில் பாய் விரித்துப் படுத்திருக்கும். வெயிலைக் கண்டால் நிழல் தேடி ஓடும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்த நாளில் நாற்காலி கிடைப்பது கடினம், முன்கூட்டியே போய்விடுங்கள்.

படி 3: தேநீர்க் கடையில் உட்காரும் முறை

பூங்காவுக்குள்ளேயே ஹெமிங் தேநீர்க் கடை இருக்கிறது, 1923லிருந்து. குளத்தோரம் மூங்கில் நாற்காலிகள். யாரும் உங்களை வரவேற்று உட்கார வைக்க மாட்டார்கள், காலியான இடத்தில் நீங்களே உட்கார வேண்டும். பிறகு தேயிலை தேர்வு செய்து, முதலிலேயே பணம் கட்டுவது வழக்கம். ஒன்றும் தெரியாவிட்டால் மல்லிகைத் தேநீர் சொல்லுங்கள். பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள், அங்கே அப்படியொரு பழக்கமே இல்லை.

வருவது மூன்று உருப்படி: மூடி, கைப்பிடியில்லாத கிண்ணம், கிண்ணத்தைத் தாங்கும் தட்டு. தேயிலை கிண்ணத்திலேயே மிதக்கும், வடிகட்டித் தர மாட்டார்கள். தட்டோடு சேர்த்து இடது கையில் தூக்குங்கள், அப்போதுதான் விரல் சுடாது. வலது கையால் மூடியை லேசாகச் சாய்த்து, அதன் விளிம்பால் இலையை அப்பால் தள்ளி, இடுக்கு வழியாக உறிஞ்சுங்கள். மூடியை முழுக்க எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குடித்தால் இலையைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒரு கிண்ணத்துக்குக் கொடுத்த காசில் நாள் முழுக்க உட்காரலாம். வெந்நீர் தீரத் தீர ஊற்றுவார்கள், அல்லது ஒரு பிளாஸ்க்கையே பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். மூடியைச் சாய்த்து வைத்தால் இன்னும் ஊற்று என்று அர்த்தம். எழுந்து போகும்போது மூடியை நாற்காலியில் வைத்தால், திரும்பி வருவேன், இடத்தை யாருக்கும் கொடுக்காதே என்று பொருள். பழைய குறிப்புகள்தான், பெரியவர்களுக்கு இன்றும் புரியும்.

வெயில் காலத்திலும் எல்லோரும் வெந்நீரே குடிப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். ஓட்டலில் உட்கார்ந்ததும் வெந்நீர், விமான நிலையத்தில் வெந்நீர்க் குழாய், ரயிலிலும் அப்படியே. குளிர்ந்த நீர் வயிற்றுக்கு ஆகாது என்ற மருத்துவ நம்பிக்கை ஒரு பக்கம். 1950களில் அரசே நடத்திய சுகாதார இயக்கம் நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னது இன்னொரு பக்கம். மூடி போட்ட குடுவை ஒன்று வாங்கிக்கொண்டால் குடிநீருக்குக் காசே செலவாகாது.

படி 4: காதுக்கு அருகே "ட்ர்ங்ங்"

தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, நெற்றியில் விளக்கு கட்டிய ஒருவர் நீளமான இரும்பு இடுக்கியைத் தட்டி ரீங்காரம் எழுப்பியபடி நாற்காலிகளுக்கு இடையே நடந்து வருவார். காது குடைபவர். அந்த ரீங்காரமே அவருடைய விளம்பரம். கையில் மெல்லிய கரண்டி, இறகு, பஞ்சு உருண்டை என்று ஒரு கட்டுக் கருவிகள். உங்கள் காதுக்குள் தூவியை விட்டு, அதன் தண்டில் அதிரும் இடுக்கியைத் தொடுவார். தலைக்குள்ளேயே வண்டு பறப்பதுபோல் இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒருவர் கண்ணை மூடிக் கிறங்கிக் கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு என்ன ஆயிற்று என்று இனி யோசிக்க வேண்டாம்.

செய்துகொள்ளலாமா? என் கருத்து, இறகு போதும். காதுக்குள் கரண்டி விட்டுச் சுரண்டுவதை எந்த மருத்துவரும் ஆதரிக்க மாட்டார், கருவியை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்பதும் நம் கண் முன் நடப்பதில்லை. எந்தெந்தக் கருவிக்கு எவ்வளவு என்று தொடங்கும் முன்பே கேட்டு, எண்ணைப் போனில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாமென்றால் கையை லேசாக ஆட்டினால் போதும், நகர்ந்துவிடுவார்.

விரல் கணக்கும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் ஒரே கையால் பத்து வரை காட்டுவார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் துப்பாக்கி மாதிரி நீட்டினால் எட்டு. நாம் அதை இரண்டு என்று எடுத்துக்கொண்டு விலையில் சண்டை போடக் கூடாது.

படி 5: குடைக்கும் வேலிக்கும் நடுவே கல்யாணப் பேச்சு

பூங்காவின் ஒரு மூலையில் தாள்கள் வரிசையாகத் தொங்கும், சில இடத்தில் தரையில் பரப்பியிருக்கும். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். வாடகைக்கு வீடு தேடுகிறார்களோ என்று தோன்றும். தேடுவது மாப்பிள்ளையும் பெண்ணும். தாளில் பெரும்பாலும் படம் இருக்காது. பிறந்த ஆண்டு, உயரம் சென்டிமீட்டரில், படிப்பு, வேலை, எந்த ஊர்க் குடும்பப் பதிவு, சொந்த வீடு உண்டா, அதற்குக் கடன் பாக்கி உண்டா, இதுதான் உள்ளடக்கம். சிலவற்றில் "கொஞ்ச நாள் திருமணம், குழந்தை இல்லை" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். சம்பந்தப்பட்ட பையனையோ பெண்ணையோ அங்கே பார்ப்பது அரிது, பல பிள்ளைகளுக்குத் தங்கள் விவரம் அங்கே தொங்குவதே தெரியாதாம்.

மேலை நாட்டுப் பயணிகள் இதைப் பார்த்து அதிர்ந்துபோய் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரன் தேவை விளம்பரம் படித்து வளர்ந்த நமக்கு அதிர்ச்சி வராது. நமக்குப் புரியாதது பெற்றோர் முகத்தில் தெரியும் அவசரம்தான். 1980 வாக்கில் தொடங்கி 2015 முடிய நடந்த ஒரு குழந்தைத் திட்டத்தில் பிறந்த தலைமுறை அந்தத் தாள்களில் இருக்கிறது. அந்தப் பெற்றோரில் மிகப் பலருக்கு அந்த ஒரு பிள்ளைதான்.

தாள்களை அருகில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். ஊர், வேலை, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். யாராவது உங்களிடமே வயது, சம்பளம், திருமணமாயிற்றா என்று விசாரித்தால் தப்பாக நினைக்க வேண்டாம். நம் ஊர் ரயில் பயணத்தில் கேட்கும் அதே கேள்விகள்தான்.

படி 6: கோயில்களில் எதைச் செய்யலாம், எதைக் கூடாது

மதியத்துக்கு மேல் வென்ஷு கோயில். மெட்ரோ 1ஆம் தடத்தில் அதே பெயரில் நிலையம். வென்ஷு என்பது பௌத்தர்கள் வணங்கும் மஞ்சுஸ்ரீ போதிசத்துவர்.

நம் கை தானாகவே செருப்பைக் கழற்றப் போகும். கழற்றாதீர்கள். காலணியோடுதான் கருவறை மண்டபத்துக்குள்ளும் போவார்கள். மிதிக்கக் கூடாதது வாசற்படியை. முழங்கால் உயரத்துக்கு மரத்தில் நிலைப்படி இருக்கும், அதன் மேல் கால் வைக்காமல் தாண்டிப் போக வேண்டும். ஆண்கள் இடது காலும் பெண்கள் வலது காலும் முதலில் எடுத்து வைப்பார்கள்.

ஊதுபத்தி மூன்று போதும். கட்டுக் கட்டாக வாங்கச் சொல்லி வாசலில் யாராவது வற்புறுத்தினால் காதில் வாங்காதீர்கள். முற்றத்தில் இருக்கும் விளக்கில் கொளுத்தி, தீயை வாயால் ஊதாமல் கையால் விசிறி அணைத்து, நெற்றிக்கு நேரே உயர்த்தி வணங்கிவிட்டு வெளியே உள்ள தொட்டியில் ஊன்றுங்கள். எரியும் பத்தியோடு மண்டபத்துக்குள் போகக் கூடாது. உள்ளே சிலைகளைப் படம் எடுப்பதையும் தவிருங்கள்.

சீன பௌத்தக் கோயில்களில் நுழைந்ததும் தொந்தியும் சிரிப்புமாக மைத்ரேயர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிரதான மண்டபத்தைப் பார்த்தபடி கவசம் அணிந்த ஓர் இளம் வீரர் நிற்பார். பெயர் வெய்துவோ. இவர் வடிவம் ஸ்கந்தனிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. நம் முருகன் இத்தனை தூரம் நடந்து வந்து வேறு கோலத்தில் காவல் நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அவர் கையிலுள்ள தண்டாயுதத்தைக் கவனியுங்கள். தோளில் சாய்த்திருந்தால் இந்தக் கோயில் வழிப்போக்கத் துறவிகளுக்கு மூன்று நாள் சோறும் இடமும் தரும், கையில் குறுக்காக வைத்திருந்தால் ஒரு நாள், தரையில் ஊன்றியிருந்தால் தங்க முடியாது என்று ஒரு வழக்கு உண்டு.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. நாம் பாடப் புத்தகத்தில் படித்த யுவான் சுவாங் முழுத் துறவு ஏற்றது இந்தச் செங்டு நகரில்தான், 622ல். இங்கிருந்து புறப்பட்ட வாழ்க்கைதான் பின்னால் நாலந்தாவையும் காஞ்சிபுரத்தையும் எட்டியது. வென்ஷு கோயிலில் அவருடைய மண்டையோட்டின் ஒரு துண்டு பாதுகாக்கப்படுகிறது.

அடுத்து, மெட்ரோ 5ஆம் தடத்தில் சிங்யாங் கோயில். இது தாவோ மதத்தவருடையது, வழிபாட்டு முறையும் துறவிகளின் உச்சிக் கொண்டையும் வேறு. இங்கே இரண்டு வெண்கல ஆடுகள் நிற்கின்றன. ஒன்றைச் சுற்றி எப்போதும் கூட்டம். ஒருவர் அதன் முழங்காலைத் தேய்ப்பார், இன்னொருவர் வயிற்றைத் தடவுவார். நமக்கு எங்கே வலிக்கிறதோ ஆட்டின் அந்த இடத்தைத் தொட்டால் தேவலையாகும் என்பது நம்பிக்கை. ஒற்றைக் கொம்புள்ள ஆட்டை நெருங்கிப் பாருங்கள். 1723ல் பெய்ஜிங்கிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது. அது முழு ஆடே இல்லை: எலிக் காது, மாட்டு மூக்கு, புலிப் பாதம், முயல் முதுகு, டிராகன் கொம்பு, பாம்பு வால், குதிரை வாய், ஆட்டுத் தாடி, குரங்குக் கழுத்து, கோழிக் கண், நாய் வயிறு, பன்றித் தொடை. சீனர்கள் ஆண்டுக்கு ஒன்றாகச் சொல்லும் பன்னிரண்டு விலங்குகளும் ஒரே உடம்பில். தடவித் தடவி உடம்பு முழுக்கப் பளபளக்கிறது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மதியச் சாப்பாடு வென்ஷு கோயில் உணவகத்தில்தான் கவலையில்லாமல் அமையும். மேசைக்கு வரும் தட்டில் மீன் போலவும் பன்றிக்கறி போலவும் கிடப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம், சோயாவிலும் காளானிலும் செய்தது. வெளியே போனால் "வோ ச்சர் சூ" என்று சொல்லுங்கள், நான் சைவம் என்று பொருள். அப்படிச் சொல்லியும் காய்கறியில் துளி கொத்துக்கறி தூவி வரலாம், போனில் மொழிபெயர்த்து எழுதிக் காட்டுவது நல்லது.

படி 7: பாண்டாவும் படம் கேட்பவர்களும்

1987ல் தொடங்கிய பாண்டா ஆய்வு மையத்துக்கு இரண்டாம் நாள் காலை, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாண்டாக்கள் தூங்கப் போய்விடும். வளர்ந்த ஆண்கள்கூடத் தலையில் பாண்டாக் காது மாட்டிக்கொண்டு திரிவார்கள். ஒரு வரிசை மட்டும் முடிவே இல்லாமல் வளைந்து வளைந்து போகும். அது ஹுவாஹுவா என்ற பாண்டாவைப் பார்க்க. மணிக்கணக்கில் நின்று சில நிமிடம்தான் பார்க்க முடியும். எனக்கு அதில் ஆர்வமில்லை, மற்ற பாண்டாக்களும் அதே மூங்கிலைத்தான் தின்கின்றன.

இங்கேதான் உங்களோடு நின்று படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். கேலி இல்லை, வெளியூர்ச் சீனர்களில் பலர் இந்தியரை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். "இந்து?" என்று கேட்டால் இந்தியாவா என்கிறார்கள், மதத்தைக் கேட்கவில்லை. ஆமிர் கான் பெயரும் வந்துவிழும். சிரித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் கையசைத்து நகரலாம். ஆனால் நன்றாகப் பேசிப் பழகி "வாருங்கள் டீ குடிக்கலாம்" என்று தனிக் கடைக்கு அழைத்துப் போகும் புதியவர்கள் விஷயத்தில் ஜாக்கிரதை. பெரிய பில் நீட்டும் தந்திரம் சீனாவின் சுற்றுலா ஊர்களில் பழையது.

படி 8: இரவு ஹாட்பாட்

ஹாட்பாட் என்றால் மேசையில் கொதிக்கும் குழம்பில் நாமே வேக வைத்துத் தின்பது. கடை வாசலில் எண் அச்சடித்த சீட்டு கொடுத்து உட்கார வைப்பார்கள். காத்திருக்கும்போது சூரியகாந்தி விதை, பழம் என்று இலவசமாகக் கொறிக்கக் கிடைக்கும். பணியாளரைக் கூப்பிடுகிறவர்கள் "ஷுவாய்கெ" (அழகனே), "மெய்ன்யு" (அழகியே) என்று கத்துவதைக் கேட்டு ஏதோ வம்பு என்று நினைக்காதீர்கள். நாம் அண்ணா, அக்கா என்பது மாதிரி.

மேசைக்கு நடுவே அண்டா கொதிக்கும். முழுச் சிவப்பு வேண்டாம், நடுவில் தடுப்பு வைத்த இரட்டை அண்டா கேளுங்கள். சிவப்புக் குழம்பின் அடிப்படை பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் தாவர எண்ணெய்க் குழம்பு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதில் மிதக்கும் சின்ன உருண்டைகள் சிச்சுவான் மிளகு. நம் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. கடித்தால் உதடும் நாக்கும் மரத்துப் போகும், ஒவ்வாமை என்று பயப்படாதீர்கள். காரத்துக்கு நாம் பழகியவர்கள், அந்த மரப்புக்குப் பழகியவர்கள் இல்லை.

தனிக் கிண்ணத்தில் எள் எண்ணெயும் நசுக்கிய பூண்டும் தருவார்கள். வெந்ததை அதில் தோய்த்துத் தின்றால் சூடும் காரமும் அடங்கும். மாட்டு இரைப்பைத் துண்டுகளை மொத்தமாகக் கொட்டிவிடக் கூடாது. குச்சியில் பிடித்து ஏழு முறை தூக்கி எட்டு முறை அமுக்கி, பதினைந்து விநாடியில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ரப்பர்தான். குழம்பு மணக்கிறதே என்று சோற்றில் ஊற்றிக்கொள்ளாதீர்கள், அது வேக வைக்க மட்டும். சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் நட்டு வைத்துவிட்டுப் பேசப் போகாதீர்கள், இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றுவது அப்படித்தான் இருக்கும். மது கோப்பையை மோதும்போது பெரியவருடையதைவிட உங்கள் கோப்பை விளிம்பு தாழ்ந்திருக்கட்டும்.

முடிவில் பக்கத்து மேசையில் இரண்டு பேர் கத்திக்கொண்டு ஒருவர் கையை மற்றவர் பிடித்து இழுப்பார்கள். சண்டை இல்லை, பில் யார் கட்டுவது என்ற போட்டி. உங்களை யாராவது அழைத்து வந்திருந்தால் நீங்களும் ஒரு தடவையாவது போனை நீட்டிப் பிறகு விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை.

வெளியே வந்தால் சதுக்கத்தில் ஒலிபெருக்கி வைத்து ஐம்பது பெண்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கலாம். சத்தத்தைக் கட்டுப்படுத்த 2022 ஜூனிலிருந்து சட்டமே இருக்கிறது, அதனால் இரவு வெகு நேரம் நீளாது. கடைசி வரிசையில் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம், காசு கிடையாது. போட்டிருக்கும் சட்டையிலிருந்து கொழுப்பு வாசனை இரண்டு நாளானாலும் போகாது. மறுநாள் விமானம் என்றால் அதைத் தனிப் பையில் கட்டி வையுங்கள்.